கொமுஹங்கியின் சந்தேகமும் டுசீமேயின் பற்களும்

ருஷேரே பால் நிலையத்துக்கு எதிரே நான் சப்பாத்திக் கடை போட்டிருக்கிறேன். கொமுஹங்கி அந்த நிலையத்தில் பால் சோதிக்கிறவள். விடிந்ததும் பைக்கில் கேன் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அவள் ஒவ்வொரு கேனிலும், தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், கடைசியில் கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்ப்பாள். அந்தக் கடைசிப் பார்வைதான் யாருக்கும் பிடிக்காது. சர்ச்சில் பிரசங்கம் செய்கிறவரின் பாலையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். என் கடைக்கு வந்தாலும் அப்படித்தான். முட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் உடைக்க விடுவாள்.

"உன் புருஷனையாவது நம்பறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதிர்ல நிக்கறப்ப நம்பறேன்," என்றாள்.

புருஷன் பருகஹாரே பால் டேங்கர் ஓட்டுகிறவன். அவளுக்கு நேர் எதிர். வழியில் கை காட்டுகிறவனையெல்லாம் ஏற்றிக்கொள்வான், சொன்னதையெல்லாம் நம்புவான். அவர்களுக்கு ஒரே பெண், டுசீமே. ஐந்து வயதுக்காரி. நான் சொல்லப்போவது அந்தக் குழந்தையின் பல்லைப் பற்றித்தான். பாதி கொமுஹங்கி சொன்னது, மீதி பருகஹாரே சொன்னது. இருவரும் வேறு வேறாகச் சொன்ன இடங்களில் நான் கொமுஹங்கி பக்கம் நின்றிருக்கிறேன். அவளுக்கு எதிராக நிற்க எனக்குத் தைரியம் கிடையாது.

டுசீமேக்குப் பல்வலி வந்து கொஞ்ச நாளாகியிருந்தது. வந்தால் அழும், போனால் விளையாடும். பால் பல்தானே, விழப்போகிறது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒரு காலையில் வலது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிப்போய் எழுந்து வந்தது. கொமுஹங்கி அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இருந்த கிளினிக்குக்கு ஓடினாள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தவன் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்பவே பிடுங்கிடலாம். நீ தலையைப் பிடி, இன்னொருத்தர் காலைப் பிடிக்கட்டும்," என்றான்.

"மரத்துப்போக ஊசி போடுவீங்களா?"

"போடுவேன்."

"சீழ் கட்டியிருக்கிற இடத்துல ஊசி வேலை செய்யுமா?"

"செய்யும், செய்யும்."

"வேர் உடைஞ்சு உள்ளேயே நின்னுபோச்சுன்னா?"

அவன் இடுக்கியை மேசையில் வைத்தான். "டாக்டர் நானா, நீயா?"

கொமுஹங்கி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். என் கடை முன்னால் நின்று சொன்னாள்: "சோதிக்கறேன்னு சொன்னதும் எவனுக்குக் கோவம் வருதோ, அவன் கேன்லதான் தண்ணி இருக்கும்."

அன்றே குழந்தையோடு பஸ் ஏறி ம்பராரா நகரத்துக்குப் போனாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் ஒரு பெண், நுவாமன்யா என்று பேர். முப்பது வயதுதான் இருக்கும். அதுவே கொமுஹங்கிக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தாள். வீக்கம் வடிய முதலில் மருந்து எழுதினாள். பிறகு குழந்தையை ஒரு பொம்மையோடு ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் பேசினாள்.

"ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லு சொத்தையாயிருக்கு. ரெண்டை அடைச்சுக் காப்பாத்திடலாம். மத்ததை எடுத்தாகணும். இத்தனை பல்லை முழிச்சிருக்கிற சின்னக் குழந்தைகிட்ட ஒரே தடவையில எடுக்க முடியாதும்மா. மயக்கம் கொடுத்துதான் செய்யணும்."

"தானா விழப்போற பல்லுக்கு எதுக்கு மயக்கம்?"

"முன்பல்லுதான் சீக்கிரம் விழும். கடைவாய்ப் பால் பல்லு பத்து, பதினொரு வயசு வரைக்கும் இருக்கணும். அதுக்கு அடியில பெரிய பல்லு காத்துக்கிட்டிருக்கு. மேல சீழ் வச்சா கீழ இருக்கறதும் கெட்டுப்போகும். சீழ் அங்கேயே நிக்கறதும் இல்ல, கழுத்துக்கு இறங்கும். அப்ப நீங்க பல் டாக்டரைத் தேடி வரமாட்டீங்க."

"பால் பல்லு எப்படிச் சொத்தையாகும்? எங்க வீட்ல சாக்லேட்டே கிடையாது."

"தூங்கறப்ப பாட்டில்ல என்ன குடிச்சா?"

அது என்னவென்று கொமுஹங்கிக்குத் தெரியும். சர்க்கரை போட்ட பால் டீ. மூன்று வயது வரை அது இல்லாமல் டுசீமே தூங்கியதே இல்லை.

அடுத்த கேள்வியைக் கேட்டாள். "மாணவர்கள் கைப்பழக்கத்துக்கு என் பிள்ளையைக் கேக்கறீங்களா?"

"மாணவர்கள் இருப்பாங்க. பாப்பாங்க. எடுக்கறது நான்."

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அதுவே கொமுஹங்கிக்கு இன்னொரு சந்தேகத்தைக் கொடுத்தது. இவ்வளவு பொறுமைக்கு என்ன காரணம்? திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்தவளை டாக்டர் நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். கீழ கோரைப்பல் ரெண்டும் இல்லையே. யார் எடுத்தாங்க?"

"யாரும் எடுக்கல. வரவே இல்ல. எங்க பக்கம் இடைவெளிப் பல்லு உண்டு. அழகுன்னு சொல்லுவாங்க."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். "இது அந்த இடைவெளி இல்ல. எபீனோ எடுத்திருக்காங்க. கைக்குழந்தைக்குக் காய்ச்சலும் வயித்துப்போக்கும் வந்தா, ஈறுக்குள்ள வெள்ளையா தெரியறதைப் புழுன்னு சொல்லி சைக்கிள் கம்பியால தோண்டுவாங்க. அது புழு இல்லம்மா, முளைக்காத பல்லு. தோண்டினதுல இந்தப் பக்கம் அடியில இருந்த பெரிய பல்லும் போயிருக்கு. அந்தப் பக்கம் இருக்கு, ஆனா கோணலா."

"என் பிள்ளைக்கா? என் பிள்ளைக்கு யாரும் செய்யல." 

முதலில் இந்த டாக்டர் ஏதோ பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். பிறகு பருகஹாரேயைச் சந்தேகப்பட்டாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. டுசீமே தவழ ஆரம்பித்த சமயத்தில் பால் நிலையத்திலிருந்து அவளை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் முழுவதும் குழந்தை நாத்தனார் ஜோவியாவிடம் இருந்தது. திரும்பி வந்தபோது மெலிந்திருந்தது. ஈறு புண்ணாயிருந்தது. பல் முளைக்கிறது, அதுதான் என்றாள் ஜோவியா.

ஜோவியா பருகஹாரேக்கு மூத்தவள், ம்பராரா மார்க்கெட்டில் பழைய துணி விற்பவள். கொமுஹங்கி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனாள். ஜோவியா வாசலில் உட்கார்ந்து மட்டோக்கே வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, டுசீமேக்கு எபீனோ எடுத்தது யாரு?"

ஜோவியாவின் கத்தி நிற்கவில்லை. "நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல." சீவிய காயைத் தண்ணீரில் போட்டாள். "என் மகன் ரூபேன் எப்படிப் போனான்னு உனக்குத் தெரியுமா? இதே வயித்துப்போக்குதான். எபீனோவை எடுக்காம விட்டுட்டா, பிள்ளையைக் கொன்னுட்டான்னு ஊரே பேசுச்சு. என் கையில இன்னொரு பிள்ளை துவண்டு கிடக்குது. நீ ஊர்ல இல்ல. நான் பார்த்துக்கிட்டே இருந்திருக்கணுமா? மறுநாளே நின்னுபோச்சு. உன் பிள்ளை உயிரோட இருக்கா. வேற என்ன வேணும் உனக்கு?"

"அன்னைக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தியா?"

"ஹெல்த் சென்டர்ல ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைப் பொடி கொடுத்தாங்க. தண்ணியில கலந்து கொடுத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்ப நிறுத்தினது அந்தப் பொடிதான்."

ஜோவியா தலை நிமிர்ந்து பார்த்தாள்.  கொமுஹங்கி உட்காராமல், ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஜோவியாவின் பெயரை எடுத்தாலே அவள் முகம் மாறும். "அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சா," என்று பருகஹாரே ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் என் கடையில்தான் சாப்பிட்டான்.

ஆனால் ஒரு சங்கடம். சிகிச்சைக்குக் காலையிலேயே குழந்தை வந்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ருஷேரேயிலிருந்து முதல் பஸ்ஸில் போனாலும் சேர முடியாது. முந்தின நாளே போய்த் தங்க ம்பராராவில் ஜோவியாவின் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை.

வேறு வழியில்லாமல் மூவரும் அங்கே போன அன்று சாயங்காலம் மயக்கம் கொடுக்கிறவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஓலாரா என்று பேர், நாட்டின் வடக்குப் பக்கத்து ஆள். நம் பாஷையை இழுத்து இழுத்துப் பேசுவார். தெரியாத ஊர்க்காரன் கையில் பிள்ளையின் மூச்சைக் கொடுப்பதா என்று அவளுக்கு உள்ளுக்குள் குடைந்தது. அவர் வரிசையாகக் கேட்டார். சளி உண்டா, இருமல் உண்டா, இழுப்பு உண்டா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள், ஆடுகிற பல் ஏதாவது இருக்கிறதா.

"எதையும் மறைக்காதீங்கம்மா. இருமல் இருந்தா தள்ளிப்போடலாம், ஒண்ணும் குடி முழுகாது. ராத்திரிச் சாப்பாட்டோட நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் பால் கூடாது, கஞ்சி கூடாது, டீ கூடாது. விடியற வரைக்கும் வெறும் தண்ணி ஒரு வாய் கொடுக்கலாம். அவ்வளவுதான்."

இப்போது கொமுஹங்கியின் முறை. "மூச்சை யார் பாப்பாங்க?"

"நான்."

"நடுவுல வெளியே போவீங்களா?"

"போகமாட்டேன்."

"கரண்ட் போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கு. அது கிளம்பற வரைக்கும் கையால காத்து கொடுப்பேன்."

"எதால?"

ஓலாரா எழுந்து போய் ஒரு ரப்பர் பையைக் கொண்டுவந்தார். அவள் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். முனையைக் கன்னத்தில் வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். பருகஹாரே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பால் நிலையத்துல வேலை பாக்கறா, சார்," என்றான் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"நல்லா கேக்கட்டும்," என்றார் ஓலாரா. "எதுவுமே கேக்காதவங்களைப் பார்த்தாதான் எனக்குப் பயம்."

மறுநாள் விடியும்போது டுசீமே பசி பசி என்று முனகிக்கொண்டிருந்தது. கொமுஹங்கி ஒரு வாய் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு, குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பருகஹாரே உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான். டுசீமே அத்தையின் துணிச் சாக்கில் இருந்த பொத்தான்களை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தது. முனகல் இல்லை.

கொமுஹங்கிக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல," என்றது குழந்தை. சொல்லிவிட்டு அத்தையைப் பார்த்தது.

"அண்ணி, ஏதாவது கொடுத்தியா?"

"நான் எதைக் கொடுக்கப்போறேன்? என் வீட்டுக்கு வந்து என்னையே திருடி மாதிரி கேக்கறே." ஜோவியா பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தாள். ராத்திரிக் குடித்த மருந்தின் வாசனைதான் வந்தது. உதட்டில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடைக்கவில்லை. வழியெல்லாம் பருகஹாரே, "அவளும் ஒரு தாய்தானே," என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஜோவியாவும் கூட வந்தாள், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல்.

ஆஸ்பத்திரியில் டுசீமேக்குப் பச்சைக் கவுன் போட்டார்கள். ஓலாரா வந்து, "ஒண்ணும் சாப்பிடலையே?" என்றார்.

"இல்ல சார்," என்றான் பருகஹாரே.

"சாப்பிட்டிருக்கா," என்றாள் கொமுஹங்கி. "நான் பாக்கல. அவளையும் அவ அத்தையையும் கேட்டா இல்லைங்கறாங்க. ஆனா சாப்பிட்டிருக்கா."

"உனக்குப் பைத்தியமா?" பருகஹாரே முதல் தடவையாக அவளிடம் குரலை உயர்த்தினான். "இந்த நாளுக்கு எத்தனை நாள் காத்திருந்தோம். இப்ப நம்ம வாயாலேயே கெடுக்கறே."

நர்ஸும் முகம் சுளித்தாள். ஓலாரா மட்டும் தரையில் குந்தி டுசீமேயின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. "எங்க அத்தை வைக்கிற கஞ்சி புளிக்கும். உங்க அத்தை கஞ்சி எப்படி?" என்றார்.

"இனிக்கும்," என்றது டுசீமே. "பால் ஊத்தினது. அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

 ஓலாரா எழுந்து கவுனின் முடிச்சை அவிழ்த்தார். "இன்னைக்கு வேண்டாம். அடுத்த வாரம் வாங்க."

பிறகு அவர் ஜோவியாவின் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. மயங்கிக் கிடக்கிற குழந்தைக்கு வயிற்றில் இருப்பது மேலே வந்தால் இருமித் துப்பத் தெரியாது என்றார். அது நேரே மூச்சுக்குள் போகும், பால் போனால் நுரையீரலே வெந்துபோகும் என்றார். இவ்வளவுதான் சொன்னார்.

ஜோவியா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "வெறும் வயித்தோட தூங்கவைக்கறாங்களே, எழுந்திரிக்கத் தெம்பு வேணாமான்னு நினைச்சேன்," என்றாள். "ரூபேன் கடைசியா ஒண்ணும் சாப்பிடாமதான் போனான்." கொமுஹங்கி அவள் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

அடுத்த வாரமும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஜோவியா சமையற்கட்டைப் பூட்டிச் சாவியை நீட்டினாள். வேண்டாம் அண்ணி, உன்னை நம்பறேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்திருக்கலாம். கொமுஹங்கி சாவியை வாங்கி உள்பாடிக்குள் போட்டுக்கொண்டாள்.

மயக்கம் கொடுக்கும்வரை அம்மா பக்கத்தில் இருக்கலாம் என்றார்கள். முகமூடியை வைத்ததும் டுசீமே கையைக் காலை உதறியது. பிறகு கண் பாதி திறந்திருக்க, உடம்பு துணி மாதிரித் தொய்ந்துபோனது. இப்படித்தான் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.  கொமுஹங்கி ஓலாராவின் முகத்தைப் பார்த்தாள், கேன் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கிற அதே பார்வை. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வெளியே போனாள்.

கதவுக்கு வெளியே இரண்டு பெண்களும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பருகஹாரே எல்லாருக்கும் டீ வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை.

டுசீமே எழுந்தபோது யார் யார் என்று தெரியாமல் அலறியது. அம்மாவையே தள்ளிவிட்டது. எச்சிலெல்லாம் ரத்தம். "எச்சில்ல கலந்தா கொஞ்சமே நிறைய மாதிரி தெரியும், பஞ்சைக் கடிச்சுக்கட்டும்," என்றாள் நுவாமன்யா. "இன்னும் மரத்துப்போயிருக்கு. உதட்டைக் கடிச்சுப் புண்ணாக்கிடாம பாத்துக்குங்க. ரெண்டு நாள் ஆறின கஞ்சிதான். ஸ்ட்ரா வச்சு உறிஞ்ச விடாதீங்க. ரத்தம் நிக்கலைன்னாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க."

"எடுத்த பல்லைக் காட்டுங்க," என்றாள் கொமுஹங்கி.

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள். ஒரு கிண்ணத்தில் காட்டினாள். வேர் அரித்து, உள்ளே கறுத்துக் கிடந்தன. சொன்னதைவிட ஒன்றும் கூடுதலாக இல்லை. ஜோவியா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாத்தத்தை வச்சுக்கிட்டா பிள்ளை சாப்பிட்டுச்சு," என்றாள். அன்று பகல் முழுவதும் குழந்தை உதட்டைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொண்டது அவள்தான். கொமுஹங்கி பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டாள்.

டுசீமே தேறிவிட்டது. கன்னம் வடிந்தது, இரண்டு பக்கமும் மென்று சாப்பிட ஆரம்பித்தது. எடுத்த இடங்களில் பெரிய பல் வருவதற்குள் இடம் சுருங்கிவிடாமல் இருக்க டாக்டர் ஒரு சின்னக் கம்பி மாட்டினாள். அதற்கும் கொமுஹங்கி கேள்வி கேட்டாள். எங்கள் தெருவில் யார் பிள்ளைக்காவது பல்வலி என்றால், என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லி ம்பராரா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இவளுக்கு ஏதோ கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது அவள் காதுக்கும் போயிற்று. "கொடுக்கறாங்களான்னு அவங்களையே போய்க் கேக்கச் சொல்லு. அப்படியாவது பிள்ளையைக் கூட்டிட்டுப் போகட்டும்," என்றாள்.

ஜோவியாவோடு பேச்சு திரும்ப வெகு நாளாயிற்று. முழுதாகத் திரும்பியது என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

டுசீமே இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். கீழே ஒரு பக்கம் கோரைப்பல் கோணலாக வந்தது. இன்னொரு பக்கம் வரவே இல்லை. பள்ளியில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டாள். "அத்தைகிட்ட கேளு," என்றாள் கொமுஹங்கி. கிறிஸ்துமஸுக்கு ஜோவியா வந்திருந்தபோது டுசீமே கேட்டாள். ஜோவியா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சைக்கிள் கம்பியைச் சொன்னாள். தான் அவளை மடியில் பிடித்துக்கொண்டதையும் சொன்னாள்.

டுசீமே அவள் கைகளைப் பார்த்தாள். "நான் ரொம்ப அழுதேனா?"

"ரொம்ப."

"நீ?"

"நானும்தான்," என்றாள் ஜோவியா.

டுசீமே அவள் சொன்னதை நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அத்தையின் பக்கத்திலிருந்து நகரவில்லை. சமையலறை வாசலில் நின்ற கொமுஹங்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, சாப்பிட வாங்க என்றாள்.